ரிப்போர்ட் ஓரத்தில் நாலு கோடு

எங்கள் ஆஸ்பத்திரி லேப் டெக்னீஷியனுக்குப் பென்சிலக்கா என்று பெயர் வைத்தது நான்தான். கொண்டையில் எந்நேரமும் ஒரு பென்சில் செருகியிருக்கும். இருபத்திரண்டு வருஷமாகக் கீழ்த்தளத்தில் அதே ஸ்டூலில் உட்கார்ந்து ஊரார் ரத்தத்தைப் பார்க்கிறாள். சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு லேப்பில் அதுதான் பேச்சு.

நான் ரிப்போர்ட் கவுன்ட்டர். அவள் எழுதித் தருவதில் சீல் குத்தி மாடி வார்டுக்கு அனுப்புவது என் வேலை. சுத்தம் விஷயத்தில் நான் கறார். காகிதத்தில் ஒரு கிறுக்கலைப் பார்த்தாலும் பற்றிக்கொண்டு வரும்.

டெங்கு சந்தேகம் என்றால் அக்கா ஒரு சின்ன அட்டையில் ஒரு சொட்டு ரத்தம் விடுவாள். டெங்குவை எதிர்த்து உடம்பு உண்டாக்கிய ஆன்டிபாடி இருந்தால் அட்டையில் கோடு விழும். ‘எம்’ கோடு புதுக் காய்ச்சலுக்கு. ‘ஜி’ கோடு மூன்று நாலு நாளுக்குள்ளேயே கெட்டியாக விழுந்தால், டெங்கு இந்த ஆளிடம் முன்பே ஒருமுறை வந்து போயிருக்கிறது என்று அர்த்தம். இரண்டாம் தடவை வருவதுதான் ஆளைப் பாடாய்ப் படுத்தும். எல்லோரையும் அல்ல, ஆனாலும் காய்ச்சல் விட்ட பிறகும் இரண்டு நாள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் படிவத்தில் ‘உண்டு’, ‘இல்லை’ இரண்டுக்குத்தான் இடம். அதனால் அக்கா ஓரத்தில் பென்சிலால் குட்டிக் கோடுகள் போடுவாள். ‘ஜி’ லேசாக விழுந்தால் ஒன்று, ரொம்பக் கெட்டி என்றால் நாலு.

இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும். அப்போது தெரியாது. பதினோரு வருஷமாக ரப்பர் வைத்து அழித்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் அக்காவின் தம்பியே காய்ச்சலில் வந்து படுத்தான். பஸ் டிரைவர். நாலாம் நாள் காலையில் காய்ச்சல் விட்டுவிட்டது. அன்றைய ரிப்போர்ட்டில் அக்கா நாலு கோடு போட்டிருந்தாள். யாருடையது என்றுகூடப் பார்க்காமல் அழித்து அனுப்பினேன்.

மத்தியானம் தம்பி வார்டிலிருந்து அக்காவைப் போனில் கூப்பிட்டான். “டிஸ்சார்ஜுக்கு டாக்டர் கையெழுத்துப் போட்டுட்டாருக்கா. நான் கெளம்புறேன். நாளைக்கு டூட்டி.”

அக்கா மாடி ஏறினாள். அவள் வார்டுப் பக்கம் போய் நான் பார்த்ததே இல்லை. வேடிக்கை பார்க்க நானும் பின்னாலேயே போனேன்.

“நாலு கோடு போட்டிருந்தேனே டாக்டர், பாக்கலியா?”

“எந்தக் கோடும்மா?”

அக்கா ரிப்போர்ட்டை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். ஓரத்தில் காகிதம் தேய்ந்து மெலிந்திருந்தது.

“முன்னாடி இருந்த டாக்டர் இதப் பாத்துத்தான் ஆள நிறுத்தி வைப்பாரு. நீங்களும் பாத்துட்டுத்தான் அனுப்புறீங்கன்னு இருந்தேன்” என்றாள். அந்த டாக்டர் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

டாக்டர் கையெழுத்தை அடித்துவிட்டுத் தம்பியை மறுபடி படுக்கச் சொன்னார். அவன் முணுமுணுத்துக்கொண்டே செருப்பைக் கழற்றினான். சாயங்காலம் கைகால் சில்லிட்டு, பிரஷர் மளமளவென்று இறங்கியது. டிரிப் தயாராக இருந்தது, பக்கத்திலேயே நர்ஸ் இருந்தாள், பிழைத்தான். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைத் திட்டினான். எனக்கு அழுகை வந்தது.

கீழே போய் ரப்பரை அக்காவின் மேஜையில் வைத்தேன்.

“நான்தான்க்கா அழிச்சேன்.”

“தெரியும்.”

அதை எடுத்து, பழைய சிரிஞ்சுகளைப் போடுகிற சிவப்புக் கூடையில் போட்டாள். அவளிடம் ஒரு நோட்டு உண்டு. யாருக்கு எத்தனை கோடு, கடைசியில் என்ன ஆனார்கள் என்று தேதி வாரியாக எழுதி வைத்திருப்பாள். அது மேஜைமேல் கிடந்தது.

“இத்தன வருஷத்துல நாலு கோடு எத்தன பேருக்குக்கா போட்டீங்க? அவங்கல்லாம் என்ன ஆனாங்க?”

அக்கா நோட்டை எடுத்து டிராயருக்குள் வைத்துப் பூட்டினாள்.

“உனக்கு வேணாம்மா” என்றாள்.