செபஸ்தியான் மாஸ்டர் வைத்த கொத்துக்கறி பாஸ்தா

எங்கள் தெருவில் செபஸ்தியான் மாஸ்டரைத் தெரியாதவர் கிடையாது. திண்டுக்கல்லைச் சுற்றி எத்தனையோ கல்யாணங்களுக்குப் பிரியாணி போட்டவர். வெங்காயம் சிவந்ததா, கறி வெந்ததா, தம்மை எப்போது உடைக்கலாம், எல்லாம் அவருக்கு மூக்குதான் சொல்லும். போன வருஷம் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது வாசனையும் கூடவே போய்விட்டது.

வெளியே சொல்லாமல் ரெட்டியார்சத்திரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனார். அண்டா அடிப்பிடித்துத் தீய்ந்தது. பந்தியில் இருந்தவர்கள் முகம் சுளித்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. அன்றோடு கரண்டியை வைத்துவிட்டு, வெங்காய மண்டியில் மூட்டை நிறுக்கப் போனார்.

இந்த ஞாயிறு காலை கேட்டரிங் முத்துச்சாமி போன் செய்தார்.

"சின்னாளப்பட்டியில கல்யாணம் மாஸ்டர். வருவீகளா மாட்டீகளா? சாயங்காலத்துக்குள்ள சொல்லிருங்க, இல்லாட்டி வேற ஆளப் பாக்கணும்."

"சொல்றேன்" என்று வைத்துவிட்டார். பகல் முழுக்கத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார்.

நர்சிங் படிக்கும் மகள் மரியசெல்வி லீவுக்கு வந்திருந்தாள். பாஸ்தா பாக்கெட்டை நீட்டினாள். "இத நீங்க செய்ங்கப்பா. இதோட வாசமே ஒங்களுக்குத் தெரியாது. தெரியாதத எப்படித் தேடுவீக?"

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கறிக்கடையில் கொத்துக்கறி வாங்கி வந்தார். முதல் வேலையாகப் பாஸ்தாவைக் கழுவி ஊறப்போட்டார்.

"ஐயோ! இத யாராச்சும் ஊறப்போடுவாகளா?"

"சீரகச் சம்பான்னா ஊறணும்ல?"

"அது அரிசிப்பா!"

தண்ணீர் வெளுத்து, பாஸ்தா தொளதொளவென்று கிடந்தது. அவர் அசரவில்லை. வெங்காயம், பூண்டு, தக்காளியோடு கறியை வதக்கி வேகவிட்டு, எண்ணெய் பிரிந்ததும் ஊறியதை அப்படியே அதில் கொட்டி மூடினார். தீயைக் குறைத்தார். தம் போட்டாயிற்று.

பழக்கத்தில் மூடிமேல் குனிந்து மோந்து பார்த்தார். உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியவில்லை. அன்றைக்கு அண்டா முன்னால் நின்றது போலவே நின்றார். பக்கத்தில் மனைவி அன்னாள் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏ அன்னாளு... என்ன வாசம் வருது?"

காய்ச்சல் வந்ததிலிருந்து அவர் அவளிடம் இதைக் கேட்டதே இல்லை. அன்னாள் ஈரக்கையோடு வந்து நின்றாள்.

"தக்காளிப் பச்ச வாசம் இன்னும் போகலங்க."

"ம்."

"இப்பப் போயிருச்சு. கறி மணக்குது... பூண்டு தூக்கலா இருக்கு... ஏங்க, அடி லேசாப் பிடிக்கப் போகுது, எறக்குங்க!"

இறக்கினார். மூடியைத் திறந்தால் ஒன்றும் தீயவில்லை. ஓரத்தில் மட்டும் பொன்னிறம். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தார்கள். பாஸ்தா கொஞ்சம் குழைந்திருந்தது. மகள் இரண்டாம் தடவை தட்டை நீட்டினாள்.

மாஸ்டர் இடது கையால் போனை எடுத்தார்.

"முத்துச்சாமி, வாரேன். ஆனா ஒண்ணு. எனக்கு வாசம் தெரியலப்பா. அன்னைக்கு அண்டா தீஞ்சதும் அதனாலதான். எம் பொண்டாட்டி பக்கத்துல நின்னு மோந்து சொல்லும், நான் போடுறேன். சம்மதமா?"

முத்துச்சாமி உடனே சொன்னார்.

"அக்காவுக்கும் வண்டியில எடம் வச்சிர்றேன் மாஸ்டர்."

அன்னாள் வாயில் பாஸ்தாவோடு நிமிர்ந்தாள். "நான் எப்ப வாரேன்னு சொன்னேன்?"

மென்று விழுங்கிவிட்டு அவளே கேட்டாள்.

"வண்டி எத்தன மணிக்கு வருதாம்?"