சாமியிடம் கேட்ட இரண்டு கேள்விகள்

எங்கள் குடும்பத்தில் தண்ணீருக்குப் போர் போடுவதாக இருந்தாலும் சரி, பெண் கொடுப்பதாக இருந்தாலும் சரி, குலசாமி கோவிலில் பூக் கேட்காமல் எதுவும் நடக்காது. வெள்ளரளி ஒன்றையும் செவ்வரளி ஒன்றையும் தனித்தனி இலையில் மடித்து, எது எந்தப் பூ என்று தெரியாதபடி கலக்கி, பூசாரி சாமியின் காலடியில் வைப்பார். கேட்க வந்தவர் காரியத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அங்கே நிற்கிற ஏதாவது ஒரு குழந்தை ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுக்கும். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் வேண்டாம். ஒரு காரியத்தை ஒரு தடவைதான் கேட்கலாம். நமக்குப் பிடித்த பதில் வருகிறவரை கேட்டுக்கொண்டே இருப்பதற்குச் சாமி எதற்கு என்பார் அப்பா.

எண்பதுகளின் நடுவில், நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கோடையில், சேலத்துக் கல்லூரி ஒன்றில் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று புதிதாக ஒரு பட்டப்படிப்பு ஆரம்பித்திருந்தார்கள். எனக்குக் கணக்கு நன்றாக வரும். கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்ததில்லை, பேப்பரில் வந்த படத்தோடு சரி. ஆனாலும் அதைத்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். பார்க்காத ஒன்றின் மேல் அத்தனை பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் யாரும் செய்யாததைச் செய்ய வேண்டும் என்ற திமிரும் அதில் கொஞ்சம் இருந்திருக்கும்.

அதே கோடையில் அம்மாவின் அண்ணன் எனக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டு வந்தார். மாமாவுக்குத் திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரி ஒன்று சொந்தமாக இருந்தது. ஆந்திரா, கர்நாடகா என்று ஊர் ஊராகப் போய் போர் போட்டுவிட்டு வருவார். எங்கள் வீட்டில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

“கம்ப்யூட்டரு படிச்சுப்போட்டு எங்கீங்க மாப்ள வேலைக்குப் போறது? நாமக்கல்லுல இருக்குதா, திருச்செங்கோட்டுல இருக்குதா? நானும் ஊரூராத்தான் சுத்தறேன், ஒரு ஊட்டுல பாக்கல, ஒரு கடையில பாக்கல. மூணு வருசம் படிச்சுப்போட்டு வந்து இதே ஊட்டுலதான் உக்காந்திருக்கோணும்” என்றார் அப்பாவிடம்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை என்பதுதான் அதைவிட எரிச்சல். அன்றைக்கு எங்கள் பக்கத்தில் கம்ப்யூட்டர் எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டிருந்தால் நானும் முழித்திருப்பேன்.

அப்பாவால் மச்சானைப் பகைத்துக்கொள்ள முடியாது. மகளை அழவிடவும் மனசு வராது. “சாமிகிட்டயே கேட்டுப் போடலாமுங்க மச்சான்” என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார்.

கோவிலில் பொட்டலங்களை வைத்ததும் அப்பா கண்ணை மூடிக்கொண்டு சத்தமாகச் சொன்னார். “சாமி, எம்புள்ள கம்ப்யூட்டரு படிக்கோணும்ங்குது. மச்சான் கல்யாணம் பண்ணோணும்ங்கறாரு. ரெண்டுல ஒண்ணுக்கு உத்தரவு குடுங்க சாமி.”

வெள்ளைப் பூ வந்தது. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். அதற்குப் பிறகுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எதற்கு உத்தரவு?

“பாத்தீங்களா மாப்ள, கல்யாணத்துக்கு உத்தரவு ஆயிருச்சு” என்றார் மாமா.

அண்ணன் முன்னால் உட்காரக்கூட மாட்டாள் என் அம்மா. அன்றைக்கு மெல்ல வாயைத் திறந்தாள். “ஏனுங்கண்ணா, மொதல்ல சொன்னது படிப்புத்தானுங்களே?”

மாமா பூசாரியைப் பார்த்தார். “பூவு வெள்ளைங்க. அதுக்கு மேல எனக்குத் தெரியாதுங்க” என்று அவர் தீபத்தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நல்ல மனுசர். திரும்பவும் கேட்க வழியில்லை. இரண்டு காரியத்தை ஒன்றாக முடிச்சுப்போட்டுக் கேட்டால் சாமிதான் என்ன செய்யும்? ஒரு வார்த்தையில் என் படிப்பு போய்விடும் என்று தெரியும். அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டியவர் அப்பா.

மறுநாள் மாமா முடிவு கேட்க வந்தார். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “சாமி ரெண்டையும் வேண்டாங்கலைங்க மச்சான். படிப்பும் ஆகட்டும், கல்யாணமும் ஆகட்டும். மொதல்ல சொன்னது மொதல்ல.”

மாமா காப்பியைத் தொடாமல் எழுந்து போனார். நான் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் ஓடிப்போய், சிரிக்கிறேனா அழுகிறேனா என்று தெரியாமல் நின்றேன். அவ்வளவு சந்தோஷம் அதற்குப் பிறகு வெகு சில நாட்களில்தான் கிடைத்திருக்கிறது.

கல்லூரியில் கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும், கோவில் மாதிரி. உள்ளே ஏசி. ஒரு மெஷினைச் சுற்றி ஒரு கூட்டமே நிற்போம், என் விரல் கீபோர்டில் படுவதற்குள் மணி அடித்துவிடும். அங்கே ஒரு நாள், இரண்டு வாக்கியங்களை ‘அல்லது’ போட்டு இணைத்தால் என்ன ஆகும் என்று பலகையில் எழுதினார்கள். ஒன்று உண்மையானாலும் மொத்தமும் உண்மை. இரண்டும் உண்மையானாலும் உண்மைதான். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எழுப்பி நிற்கவைத்தார்கள். அப்பா செய்தது தர்க்கம் ஒன்றும் இல்லை, சமாளிப்புதான். அந்தச் சமாளிப்பால்தான் நான் அந்த வகுப்பில் நின்றுகொண்டிருந்தேன்.

பட்டம் வாங்கியதும் மாமா சொன்னது அப்படியே பலித்தது. வேலை இல்லை. எந்த விசேஷத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர், “ஏனம்மிணி, கம்ப்யூட்டரு என்ன சொல்லுது?” என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார். பல்லைக் கடித்துக்கொண்டு பந்தியில் உட்காருவேன். படிப்பு வீண்தானோ என்று எனக்கே தோன்றிய நாட்கள் உண்டு. அப்பா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உடைந்திருப்பேன்.

ஒரு வருஷம் போன பிறகு குமாரபாளையத்தில் ஒரு ஜவுளிக் கம்பெனியில் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். சந்தனம் குங்குமம் வைத்து, உறை போட்டு மூடி வைத்திருந்தார்கள், இயக்க ஆள் இல்லை. நான் போய் உறையை எடுத்தேன். கல்லூரியில் படித்த மொழி எதுவும் அந்த மெஷினில் இல்லை. கூட வந்த தடித்த புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துப் புதிதாகத்தான் கற்றுக்கொண்டேன். அப்படியானால் அந்த மூன்று வருஷம் எதற்கு என்று கேட்கலாம். மெஷின் முரண்டு பிடித்தபோது அறையில் இருந்த எல்லோரும் பின்னால் நகர்ந்தார்கள், நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டேன். என்ன பிரச்சினை என்பதைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றாகக் கேட்கத் தெரிந்திருந்தது. அதற்குத்தான் அந்தப் படிப்பு என்று நினைக்கிறேன். வேலையில் சேர்ந்த பிறகு கல்யாணமும் ஆயிற்று. வெள்ளைப் பூவின் மிச்சப் பாதியும் வீண்போகவில்லை.

அன்றைக்குப் பூக் கேட்டுப் பத்து வருஷம் ஆகப்போகிற சமயத்தில் மாமா என்னைத் தேடி வந்தார். அவருடைய கடைசி மகளும் அதே படிப்புதான் வேண்டும் என்கிறாளாம்.

“நெசத்தச் சொல்லு சாமி. வேல கெடைக்குமா?” என்றார். பிரியமானவர்களையும் எங்கள் பக்கத்தில் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள்.

“ஒடனே கெடைக்காதுங்க மாமா. எனக்கே ஒரு வருசம் ஆச்சு. ஆனா கெடைக்கும்.”

“போரும் அப்பிடித்தான். வறண்ட மண்ணாவே வந்துட்டிருக்கும். நிறுத்திப்போட்டா நமக்குத்தான் நட்டம்” என்றார்.

அடுத்த வாரம் பூக் கேட்கப் போனோம். அதே கோவில், அதே பூசாரி. அப்பா என் பக்கத்தில் நின்றார். மாமா கை கூப்பி, கோவில் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

“சாமி, எம்புள்ள கம்ப்யூட்டரு படிக்கலாமுங்களா? அத மட்டுந்தானுங்க கேக்கறேன். கல்யாணத்துக்குப் பொறகு தனியா வாரேன்.”

அப்பா துண்டால் வாயை மூடிக்கொண்டார். குழந்தை ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தது. பூசாரி பிரித்தார். வெள்ளை.

மாமா சாமியைக் கும்பிட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். “இப்பக் கேட்டது சரிதான சாமி?”

“சரியாக் கேட்டீங்க மாமா” என்றேன்.