தையல்காரி வாங்கிய ரம்பம்

சாரதாம்பாள் ரம்பத் தகட்டின் நுனியை வாயில் வைத்து ஈரப்படுத்துகிறாள். பிறகு ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பலகையில் போட்ட ஓட்டைக்குள் அதை நுழைக்கிறாள். ஊசியில் நூல் கோத்த பழக்கம். இரும்பை எச்சில்படுத்தி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று அவளுக்கும் தெரியும். "கை தன்னால வாய்க்குப் போவுதுங்க, நான் என்ன செய்ய?" என்கிறாள்.

மலாக்காவின் காஜா பெராங்கில் எங்கள் வரிசையின் கடைசி வீடு அவளுடையது. ரவிக்கையும் சட்டையும் தைத்தே குடும்பம் நடத்தியவள். போன வருஷம், நாடு சுதந்திரம் பெற்ற மெர்டேக்காவுக்குச் சில மாதங்கள் முன்பு, அவளுடைய தையல் மெஷின் தண்டு உடைந்து உயிரை விட்டது. அந்தச் சமயம் பார்த்து பண்டார் ஹிலிரில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஊருக்குக் கிளம்ப, பங்களாச் சாமான்களை லேலோங், அதாவது ஏலம், விட்டார்கள். அதில் மேல்பாதியைக் கான்வாஸால் போர்த்திய சாமான் ஒன்று. கீழே மிதிகட்டை, பக்கத்தில் சக்கரம், நடுவில் இரும்பு மேஜை. தையல்காரியின் கண்ணுக்கு அது வேறென்னவாகத் தெரியும்? துணியை விலக்கிக்கூடப் பார்க்காமல் கையைத் தூக்கிவிட்டாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்தால், ஊசி இருக்க வேண்டிய இடத்தில் ரம்பம் பிடிக்கும் கவ்வி. பலகையில் பூவேலை அறுக்கிற பழைய மெஷின் அது. திருப்பிக் கொடுக்கலாமென்றால் துரை கப்பலேறிவிட்டார்.

"லேலோங்குல பொண்ணு எடுத்தா, முக்காட்டைத் தொறந்து பாக்கணும் லா" என்று சிரித்தார் அவள் கணவர் அப்பாசாமி. ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போய், பாதி உடம்போடு திரும்பி வந்த மனிதர். நெஞ்சு இரைப்பு. பிரம்பு நாற்காலியை விட்டு அதிகம் எழுந்திருக்கமாட்டார்.

"அதுவும் நீங்களும் ஒண்ணுதான். ரெண்டையும் நாந்தான் ஓட்டணும்" என்றாள் இவள்.

ஓட்டத்தான் செய்தாள். திருகாணிகளை மண்ணெண்ணெயில் ஊறப் போட்டாள். செங்கல் பொடி தொட்டுத் தேங்காய் நாரால் துருவைத் தேய்த்தாள். இற்றுப்போன தோல்வாருக்குப் பதில் தன்னுடைய செத்த தையல் மெஷினின் வாரைக் கழற்றி, நீளம் போதாமல் ஒட்டுப் போட்டு மாட்டினாள். ரம்பத்தைத் தாங்கும் மேல்கை மரத்தைக் கரையான் தின்றிருந்தது. அதற்கு ஒரு கெட்டிக் கட்டையைத் தையல் நாடாவால் அளந்து அவளே செதுக்கினாள். எல்லாம் முடிந்து மிதித்தபோது பலகை எகிறி முகவாயில் அடித்தது. "ரோஸாக்கு, கெட்டுப்போச்சுன்னு நெனச்சு மெஷினைத் திட்டுனேன். அது நல்லாத்தான் இருந்துச்சுங்க. ரம்பத்துப் பல்லைக் கீழ பாக்க வைக்காம மேல பாக்க மாட்டினது நாந்தான்."

ஆகஸ்டு வந்தது. மெர்டேக்காவுக்காக ஊரெல்லாம் அலங்கார வளைவு. பலகையில் எழுத்து அறுத்துத் தர ஆள் தேடியவர்கள் இவளிடம் வந்தார்கள். ரவிக்கைக் கழுத்து வெட்டிய கைக்கு எழுத்தின் வளைவு ஒரு பெரிய காரியமா? அதற்குப் பிறகும் நிலைக்கு மேலே வைக்கும் காற்றுப் பலகை, சாமிபடச் சட்டம் என்று வேலை நிற்கவில்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் மரம் துணி மாதிரி இளகிக் கொடுக்காது. மிதித்து மிதித்து வலது கால் வீங்கி, நரம்பெல்லாம் முடிச்சுப் போட்டுக் கிடக்கிறது. இன்னும் இப்படியே மிதித்தால் கால் தங்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

"கால் நின்னா அடுப்பும் நின்னுடும்னு டாக்டருக்கு யாருங்க சொல்றது?" கோபம்கூட இல்லாத, அலுத்துப்போன குரல். கேட்க எனக்குச் சங்கடமாக இருக்கும்.

போன வாரம் அவள் வீட்டில் நான் உட்கார்ந்திருந்தபோது அலமாரிக் கடை லிம் வந்தார். கூடவே ஒரு தையல் மெஷின். கல்யாணமாகிப் போன மகளுடையதாம், புதுசு போல இருந்தது. "தூக்கார் லா, அக்கா" என்றார். ரம்ப மெஷினைக் கொடுத்து இதை வாங்கிக்கொள், மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். அவள் ஏலத்துக்குப் போனதே இப்படி ஒன்றைத் தேடித்தான். உட்கார்ந்து மிதித்துப் பார்த்தாள். வலியே இல்லாமல் ஓடியது. முகம் கொஞ்சம் தெளிந்தது.

உடனே வாடியும் போனது. கடைகளில் தைத்த சட்டை மலிவாகக் குவிந்து கிடக்கிறது. துணியைத் தூக்கிக்கொண்டு இவளிடம் வருகிறவர்கள் ஒன்றிரண்டு பேர். இப்போது சோறு போடுவது மரம்தான்.

"என்னங்க, மாத்திக்கிடவா?" என்று கணவரைக் கேட்டாள்.

அப்பாசாமி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் லிம் பக்கம் திரும்பினாள்.

"வேணாம் தவுக்கே. இதுவே இருக்கட்டும்."

லிம் மெஷினை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அவள் பாதியில் விட்ட காற்றுப் பலகையின் முன்னால் போய் உட்கார்ந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு வீங்கிய காலை மிதிகட்டையில் வைத்தாள்.

அப்பாசாமி எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து மெஷினுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தார். அந்தச் சாமானை அதுவரை அவர் தொட்டதே கிடையாது. அவள் காலை எடுத்து ஓரமாக வைத்தார். இரண்டு கையாலும் மிதிகட்டையை அழுத்தினார். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றியது.

"விடுங்க, மூச்சு வாங்கும்" என்றாள் அவள்.

"நீ பலகையைப் பாரு" என்று இரைக்க இரைக்கச் சொல்லிவிட்டு, மறுபடியும் அழுத்தினார்.