கூடை எத்தினி, ஆளு எத்தினி

நேற்று சாயங்காலம் ஏ.சி. பஸ்ஸில் யாரோ பையில் கருவாடு கொண்டுவந்துவிட்டார். கோவளம் தாண்டுவதற்குள் பாதிப் பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு, யார் அந்தப் புண்ணியவான் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு மட்டும் அந்த வாசனை பட்டால் பயம் கொஞ்சம் குறையும். நேற்று அது தேவையாகவும் இருந்தது. முன் சீட்டில் காதில் இயர்போன் மாட்டியிருந்த ஒரு பெண், ஜன்னலைப் பார்க்காமல், பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றவனின் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அந்தப் பார்வை எனக்குப் பழக்கம். வேலைக்குப் போன புதிதில் நானும் அப்படித்தான் போய்வந்தேன். கோவளத்தில் ஒரு கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் வேலை. சம்பளத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் வீட்டைவிட்டு வெளியே வர எனக்குக் கிடைத்த ஒரே வழி அது. சாயங்காலம் திருவிடந்தைக்குத் திரும்பும்போது ஒருவன் தினமும் என் சீட்டை ஒட்டி வந்து நிற்பான். நான் இறங்கினால் இறங்குவான். சவுக்குத் தோப்போரமாக வீடுவரை அவன் செருப்புச் சத்தம் கூடவே வரும். ஒரு வார்த்தை பேசமாட்டான். நான் நடையை எட்டிப் போடுவேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். கால் கேட்டால்தானே. வீட்டில் சொல்லவும் பயம். சொன்னால் அவனை நிறுத்தமாட்டார்கள், என் வேலையை நிறுத்திவிடுவார்கள்.

பஸ்ஸின் கடைசி சீட்டு மீன்காரப் பெண்களுடையது. திருவான்மியூர்ப் பக்கம் விற்றுவிட்டு, காலி அன்னக்கூடைகளோடு திரும்புவார்கள். நான் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொள்ளும் நாகரிகக்காரி. அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு, என் ஸ்டாப்பைத் தவறவிட்டு ஒருநாள் அவர்கள் குப்பம்வரை போனபோது பார்த்தேன். இறங்கியதும் பாக்கியம் என்கிற அக்கா பஸ்ஸின் மேல் கையை வைத்துக்கொண்டு, "கூடை எத்தினி, ஆளு எத்தினி?" என்று கேட்டு, ஒவ்வொருத்தியாகப் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். இருக்கிறேன் என்பதற்கு எல்லோரும் "கீறேன்" என்ற பிறகுதான் பஸ்ஸைத் தட்டி அனுப்புவாள். அலுத்துத் தூங்கிப்போனவளை பஸ் மகாபலிபுரத்துக்குக் கொண்டுபோய்விடக் கூடாதே. கண்டக்டர் திட்டுவார், ஆனாலும் விசில் ஊதமாட்டார்.

ஒருநாள் அந்த அக்கா என் தோளைத் தொட்டாள்.

"இன்னாமே, எப்பவும் ஜன்னலாண்ட பாத்துகினு வருவ. நாலு நாளா அந்தாளு கையவே பாக்குற?"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"வூட்ல தெரியுமா?"

"தெரிஞ்சா வேலைக்கு அனுப்பமாட்டாங்கக்கா."

"அப்ப சொல்லாத. இங்க வந்து குந்து."

அன்னக்கூடையை இழுத்து வழியில் குறுக்கே போட்டாள். மீன் தண்ணி பேண்டில் பட்டு அவன் ஒதுங்கினான். திருவிடந்தை வந்ததும், "எறங்குங்கடி" என்றாள். அவர்கள் குப்பம் அடுத்த ஸ்டாப். ஆனாலும் அத்தனை பேரும் என்னோடு இறங்கினார்கள். பேர்களைக் கூப்பிட்டு முடித்து, "கிளினிக்குப் பொண்ணு?" என்றாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"வாயத் தொறந்து சொல்லுமே, பஸ்ஸு நிக்குதுல்ல."

"கீறேன்" என்றேன். அவன் படியில் நின்று எங்களைப் பார்த்தான், இறங்கவில்லை. வீட்டு வாசல்வரை வந்துவிட்டுத்தான் அவர்கள் குப்பத்துக்கு நடந்தார்கள். அதற்குப் பிறகு அவனை அந்த பஸ்ஸில் பார்க்கவில்லை. அக்கா மட்டும் தினமும் என் ஸ்டாப்பில் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கேட்பாள். நான் ரோட்டில் நின்று பதில் சொல்லுவேன்.

இப்போது மீன் வேனில் போகிறது. பஸ்ஸில் கூடைக்கு இடமில்லை, ஜன்னலும் திறக்காது. நேற்று அந்தப் பெண் திருவிடந்தையில் இறங்கினாள். அவனும் இறங்கினான். நான் இப்போது இருப்பது இன்னும் தள்ளி. வயதானால் பயம் போய்விடும் என்று யார் சொன்னார்களோ. குடையைப் பிடித்துக்கொண்டு நானும் இறங்கினேன்.

"பாப்பா, நில்லும்மா, நானும் வரேன்."

இயர்போனில் பாட்டு ஓடவில்லை போலிருக்கிறது. உடனே நின்றாள்.

பின்னால் கதவு தானாக மூடிக்கொண்டது. யார் இறங்கினார்கள், எங்கே போகிறார்கள் என்று பஸ்ஸில் ஒருவரும் கேட்கவில்லை. கீறேன், கீறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அவனைத் தாண்டி அவளிடம் நடந்தேன்.