டீக்கடைக்குப் பின்னால் ஊசி டப்பா

போர்ட் பிளேரில், போதை ஊசி போடுகிறவர்களிடம் பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புதியது கொடுக்கும் மையத்தில் நான் நர்ஸாக இருந்தேன். ஒரே ஊசியைப் பலர் போட்டுக்கொண்டு நோய் பரவாமல் இருக்க அந்த ஏற்பாடு. புதியதை வாங்கிப் போனார்கள். பழையதில் பாதிகூடத் திரும்பி வரவில்லை. மீதி மின்னி பே கடலோரப் பாறை இடுக்குகளில் கிடந்தது. இடுக்கியோடு போய்ப் பொறுக்குவேன்.

அங்கே டீக்கடை வைத்திருந்த அக்கா ராமநாதபுரத்துக்காரர். கடைக்குப் பின்னால் தண்ணீர் கொட்டப் போனபோது ஒருநாள் அவர் காலில் ஊசி ஏறிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு நான்தான் அழைத்துப் போனேன். மாத்திரை கொடுத்தார்கள். நோய் தொற்றியதா என்று உறுதியாகத் தெரியச் சில மாதம் ஆகும் என்றார்கள். ஆட்டோவை விட்டு இறங்கும்போது, "நீ குடுக்குற ஊசிதானம்மா இது?" என்றார்.

"இருக்கலாம்க்கா" என்றேன்.

மறுநாள் மையத்துக்கு ஊசி வாங்க ஒரு வெல்டர் வந்தார். கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர், அக்கா கடையில் டீ குடிப்பவர். நடந்ததைச் சொல்லி, பழைய ஊசியை ஏன் கொண்டுவருவதில்லை என்று கேட்டேன்.

"கியா கரே சிஸ்டர், என்ன பண்றது, வழியில போலீஸ் செக்கிங். பாக்கெட்ல ஊசி இருந்தா நேரா டாணாதான், உள்ள வெச்சிருவாங்க. அதான் போட்ட எடத்துலயே வீசிட்டுப் போறது."

"அங்கேயே ஒரு டப்பா வெச்சா?"

"வெச்சா போடுவோம். ரோட்டுலேருந்து தெரியக் கூடாது."

அப்படி மறைவான இடம் டீக்கடையின் பின்பக்கம் மட்டும்தான். கேட்டதும் அக்கா மறுத்துவிட்டார். "குத்துனவனுக்கே எடம் குடுக்கணுமா?" என்றார்.

நான் வெல்டரிடம் அதைச் சொன்னேன். போய்ப் பேசு என்று சொல்லவில்லை. அவராகப் போயிருக்கிறார். நான் அந்த வழியாகப் போனபோது கடை முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"அந்த ஊசி நான் வீசுனதாக்கூட இருக்கும்க்கா" என்றார்.

அக்கா அடுப்பை அணைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "டப்பா இருக்கட்டும். ரொம்புனா நீதான் வந்து எடுக்கணும்" என்றார். அன்றைக்கு வெல்டருக்கு டீ கொடுக்கவில்லை.

டப்பா நிறைந்தது, மாற்றினேன், மறுபடியும் நிறைந்தது. பாறைகளில் ஊசி குறைந்தது; அடியோடு இல்லாமல் போய்விடவில்லை. அக்காவின் ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த அன்று கடையைத் திறக்காமல் தூங்கினாராம். வெல்டர் ஆஸ்பத்திரியில் போதையை விடுவதற்கான மாத்திரைச் சிகிச்சையில் சேர்ந்தார், நடுவில் விட்டார், மறுபடி சேர்ந்தார். இப்போது நடு அந்தமானில் ரங்கத் என்ற ஊரில் வேலை செய்கிறார் என்று கேள்வி.