கம்பளிக்குள் நீல வெளிச்சம்

ஸ்பிரிங்வெளி ஏற்றத்தில் பாதி தூரம் வந்ததும் கார் நொண்டத் தொடங்கியது. மிதித்தால் ஒரு உதறல், பிறகு ஒரு இழுப்பு, மறுபடியும் உதறல். முன்னால் பனி ரோட்டை மூடிக்கொண்டு இறங்கியது. பக்கத்தில் இருந்த என் நாத்தனார் கட்டுப்போட்ட காலை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். இரண்டு வாரத்துக்கு முன் கொழுந்து பறிக்கும் மலையில் சறுக்கி விழுந்தபோது வெட்டிவிட்ட தேயிலைக் குச்சியொன்று அவள் பாதத்தில் ஏறியிருந்தது. பதுளையில் மருந்து கட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். மறுநாள் தையல் பிரிக்க மீண்டும் அங்கே போக வேண்டும். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து பஸ் நிற்கும் இடம் வரைக்கும் படிகளில் இறங்க அவளால் ஆகாது.

எப்படியோ லயத்துக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை. எந்த கராஜும் திறந்திருக்காது. கட்டாரில் இருக்கும் என் கணவருக்குப் போன் எடுத்தேன். ஒரு காலத்தில் வெலிமடையிலிருந்து கொழும்புக்கு மரக்கறி லொறி ஓட்டியவர் அவர். இந்தப் பழைய காரை வாங்கி, எனக்கு ஓட்டவும் பழக்கிவிட்டுத்தான் போனார். அப்போதுதான் இரவு வேலை முடிந்து அறைக்கு வந்திருந்தார். முகம் பார்க்க வேண்டாம், போனை எஞ்சின் பக்கத்தில் பிடி என்றார். பிடித்தேன். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு சைலன்சர் பக்கம் கொண்டுபோகச் சொன்னார். பட், பட் என்று போய்க்கொண்டிருந்த புகை, இடையில் ஒரு தடவை மூச்சை விழுங்கியது.

"ஒரு சிலிண்டர் வேலை செய்யல. எதுன்னு கண்டுபிடிப்போம். அவசரப்படாத" என்றார்.

நாத்தனார் வாசலில் நாற்காலியைப் போட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் அங்கிருந்து சொல்வதை அவள் எனக்குச் சொன்னாள். எஞ்சினை நிறுத்திவிட்டு முதல் ப்ளக்கின் வயரைக் கழற்றி ஒதுக்கிவைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்தேன். நடுக்கம் கூடியது. அப்படியானால் அந்தச் சிலிண்டர் நல்லது. நிறுத்தி, அதை மாட்டிவிட்டு, இரண்டாவதைக் கழற்றினேன். அதற்கும் நடுக்கம் கூடியது. மூன்றாவதைக் கழற்றியபோது சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. முதலிலிருந்தே அங்கே யாரும் இல்லாதது போல.

மூன்றாவது ப்ளக் கறுத்துப்போய், பெட்ரோலில் நனைந்திருந்தது. துடைத்து முதலாவதன் இடத்தில் போட்டு, முதலாவதை இங்கே போடச் சொன்னார். போட்டேன். மூன்றாவது சிலிண்டர் அப்போதும் பேசவில்லை. ப்ளக் அல்ல, வயராகத்தான் இருக்கும், ஆனால் பகலில் தெரியாது, இருட்டு வேண்டும் என்றார்.

பனி இருந்தும் அது நடுப்பகல்தான். நான் யோசித்துக்கொண்டு நிற்க, நாத்தனார் நொண்டி நொண்டி உள்ளே போய், மலைக்குக் கொண்டுபோகும் அவளுடைய கறுப்புக் கம்பளியை எடுத்துவந்தாள். எஞ்சினை ஓடவிட்டு, காத்தாடியில் படாமல் கம்பளியைத் திறந்த பொனட்டுக்குக் குறுக்கே போட்டுப் பிடித்துக்கொண்டு இருவரும் தலையை உள்ளே நுழைத்தோம். ஈரக் கம்பளி வாடையும் சூடான எண்ணெய் வாடையும். முதலில் ஒன்றும் தெரியவில்லை. வெளியே யாரோ கோழியை விரட்டும் சத்தம் எங்கேயோ தூரத்தில் கேட்டது. கண் இருட்டுக்குப் பழகியதும், ஒரு வயர் இரும்புத் தகட்டில் உரசும் இடத்தில் நூல் மாதிரி நீலமாக ஒன்று துடித்தது. போய்விட்டது. திரும்பவும் துடித்தது.

"அண்ணி, மின்மினி மாதிரி இருக்கு" என்றாள் மெதுவாக.

பார்த்துவிட்டோம், வெளியே வந்திருக்கலாம். வரவில்லை. அவள் தோள் என் தோளில் சாய்ந்திருந்தது. கால் நோகவில்லையா என்று கேட்டேன். நோகுது, இன்னும் கொஞ்சம் பாப்போம் என்றாள். ப்ளக்குக்குப் போக வேண்டிய நெருப்பு வழியில் தப்பித்து, யாருக்கும் தெரியாமல் இப்படி அழகாக வீணாகிக்கொண்டிருந்தது.

எஞ்சினை நிறுத்தினோம். வயரைத் தகட்டிலிருந்து விலக்கி, இரண்டுக்கும் நடுவில் ரப்பர் துண்டொன்றை வைத்துக் கட்டினேன். சாவியைத் திருப்பியதும் நான்கு சிலிண்டரும் சேர்ந்து ஓடின. அந்த நடுக்கம் இல்லை. ஒரே சீரான முனகல்.

"கேக்குதாங்க?" என்று போனைப் பார்த்துக் கேட்டேன்.

பதில் இல்லை. நாத்தனார் போனைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு விரலை உதட்டில் வைத்தாள். வாங்கிக் கேட்டேன். நீளமான மூச்சு. இரவெல்லாம் வேலை செய்த மனிதர் எஞ்சின் சத்தத்திலேயே தூங்கிப்போயிருந்தார். நிறுத்தினால் விழித்துவிடுவாரோ என்று சாவியைத் தொடவில்லை. போனை முன் சீட்டில் வைத்துவிட்டு நாங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தோம். பனி காரின் கூரையைத் தடவிக்கொண்டு கீழே கொழுந்து மலைக்கு இறங்கியது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு போன் லைன் தானாக அறுந்தது. அப்போதுதான் போய் நிறுத்தினேன்.

சாயங்காலம் அவரே பேசினார். கனவில் எங்களை வைத்துக் காரை ஓட்டிக்கொண்டு போனாராம். நாங்கள் பின்னால் இருந்து பேசிக்கொண்டே வந்தோமாம். என்ன பேசினோம் என்று கேட்டேன். அது மட்டும் ஞாபகம் இல்லை என்றார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் தையலைப் பிரித்தார்கள். காயம் ஆறியிருந்தது. பிறகு பதுளை டவுனில் பார்ட்ஸ் கடைக்குப் போனோம். கடைக்கார முஸ்லிம் நானா பழைய வயரை வளைத்துப் பார்த்து, வெடித்த இடத்தை எனக்குக் காட்டினார். புது வயர்களை எடுத்துக்கொடுத்துவிட்டு, நாலையும் ஒண்ணாக் கழட்டிற வேணாம், ஒண்ணைக் கழட்டி ஒண்ணைப் போடுங்க, இல்லாட்டி இடம் மாறிடும் என்றார். கடை வாசலிலேயே பொனட்டைத் திறந்து மாட்டினேன். நாத்தனார் வெளியே நின்று, இரண்டு காலையும் தரையில் நன்றாக ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏற்றத்தில் கார் ஒரு தடவைகூட உதறவில்லை. லயம் வந்தது. வேகத்தைக் குறைத்தேன்.

"இன்னும் கொஞ்சம் மேல போவோமா, அண்ணி?" என்றாள்.

லயத்தைத் தாண்டி ஏறினேன்.