லூர்து மதரின் ஜீப்

போன மாசம் மருமகன் புதிதாக வாங்கிய காரில் ஏற்காட்டுக்குப் போனோம். ஒரு கொண்டை ஊசி வளைவில் முன்னால் போன வண்டிகள் நின்றுவிட, மருமகன் பிரேக்கைத் தொடாமல் கிளட்ச்சிலேயே காரைப் பிடித்து வைத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் கருகல் வாடை வந்தது. மகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்கோ அந்தக் கருகலோடு டெட்டால் வாடையும் ஈரச் சாக்கு வாடையும் சேர்ந்து வந்தன. காரில் டெட்டாலும் இல்லை, சாக்கும் இல்லை. அதெல்லாம் லூர்து மதரின் ஜீப்பில் இருந்தவை.

எழுபதுகளின் கடைசியில் அந்த ஜீப்புக்கு டிரைவராகப் போனேன். சேலத்தில் லாரி கிளீனராக இருந்து, அப்போதுதான் லைசென்ஸ் வாங்கியிருந்தேன். கன்னியர் மடம் என்றதும் இங்கிலீஷில் பேசுவார்களே என்று பயம். பஸ்ஸில் வழியெல்லாம் 'எஸ் மதர், நோ மதர்' என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன். வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்து, "வா கண்ணு, சாப்பிட்டியா?" என்றார். அவர்தான் மதர். ஓமலூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். என்னுடைய எஸ்ஸுக்கும் நோவுக்கும் கடைசிவரை வேலையே வரவில்லை.

அவர் முதலில் வேறொரு பெரிய சபையில் இருந்தவர். போர்டிங் பள்ளிக்கூடத்தில் பணக்காரப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். ஒருநாள் எஸ்டேட் கூலிக்காரர்களின் லைன் வீட்டில் ஒரு பெண் பிரசவ வலியில் கிடக்க, சேலத்துக்குக் கொண்டுபோக வண்டி தேடினார்கள். வண்டி வருவதற்குள் தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள். மதர் அப்போது பக்கத்தில் இருந்தார். "ஜெபம் சொல்லத் தெரிஞ்சுது கண்ணு, கை வெக்கத் தெரியல" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். அதன் பிறகுதான், நாற்பது வயதுக்கு மேல், பிரசவம் பார்க்கப் படித்தார். முறைப்படி அனுமதி வாங்கி பழைய சபையிலிருந்து விலகினார். கூட வந்த இரண்டு மூன்று பெண்களோடு ஏற்காட்டிலிருந்து மஞ்சக்குட்டை போகிற ரோட்டில் ஒரு காலி காப்பிக் குடோனில் குடியேறினார். அதுதான் மடம், அதுதான் பிரசவ ஆஸ்பத்திரி. எத்தனை முறை வெள்ளையடித்தும் சுவரிலிருந்து காப்பிக்கொட்டை வாடை போகவில்லை. அங்கே பிறந்த பிள்ளைகள் கறுப்பாக இருந்தால், காப்பி வாடை பட்டுத்தான் இப்படி என்று மலைக்காரப் பெண்கள் சிரிப்பார்கள்.

பெரும்பாலும் பிரசவம் குடோனில்தான் நடக்கும். சில நேரம் வழியிலேயே, ஜீப்பிலேயே நடந்துவிடும். அப்போது நான் இறங்கிப் போய் சில்வர் ஓக் மரங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். மரத்தில் ஏறியிருக்கும் மிளகுக்கொடியைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவன் அந்த மலையில் இருந்திருக்க மாட்டான்.

எண்பதுகளின் நடுவில் மடத்துப் பெண்களைப் பிஷப் தனிச் சபையாக அங்கீகரித்தார். மடத்தில் பாயசம் வைத்தார்கள். சட்டப்படி அடுத்து தலைவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மதரைத்தான் போடுவார்கள், இதற்கு எதற்கு ஓட்டு என்று நான் சமையல்கட்டில் பேசிக்கொண்டிருந்தேன். ஓட்டுப் போட்டார்கள். ஸ்டெல்லா சிஸ்டர் ஜெயித்துவிட்டார்.

ஸ்டெல்லா சிஸ்டர் மதரோடு முதன்முதலில் வந்த பெண்களில் ஒருவர். பிரசவம் பார்க்க மதரிடமே கற்றவர். இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடம் கட்டினால்தான் சபை நிலைக்கும் என்பது அவர் கருத்து. "அதுக்கு நான் பழைய எடத்துலயே இருந்திருப்பேனே" என்பது மதரின் பதில். இளம் சிஸ்டர்கள் பள்ளிக்கூடத்தின் பக்கம் நின்றார்கள்.

ஓட்டுப் போட்ட மறுநாள் காலையில் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தபோது மதர் வந்தார். "இனிமே என்னைய மதர்னு கூப்புடாத கண்ணு. சிஸ்டர்னு கூப்புடு. மதர் உள்ள இருக்காங்க" என்றார். கடைசிவரை இரண்டும் சொல்லாமல் 'ஏனுங்க' என்றே ஓட்டிவிட்டேன்.

அந்த மழைக்காலத்தில் ஜீப் சறுக்கிப் பள்ளத்தில் இறங்கி ஒரு சிஸ்டருக்குக் கை ஒடிந்தது. அதற்குப் பிறகு, தன்னைக் கேட்காமல் வண்டி வெளியே போகக்கூடாது என்று ஸ்டெல்லா சிஸ்டர் சொல்லிவிட்டார். நியாயமான பேச்சுத்தான்.

ஒருநாள் அவர் பள்ளிக்கூடக் கட்டட விஷயமாகச் சேலத்துக்குப் போயிருந்தார். மத்தியானம் நல்ல மழை. மஞ்சக்குட்டைக்கு அந்தப்பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் நனைந்துகொண்டு ஓடிவந்தார். "சம்சாரத்துக்கு நொம்ப நேரமா வலிங்க. ஊட்டுல யாரும் இல்லீங்க, வந்து பாருங்க" என்று அழுதார். நான் சாவியை எடுத்துவிட்டேன்.

"சாவிய வெய்யி கண்ணு. கேக்காம எடுக்கக் கூடாது."

"ஏனுங்க, உசுருக்குப் போராடறப்ப யாருங்க கேக்கப்போறாங்க?"

"தலைவி சொல்லுக்குக் கட்டுப்படணும்னு சட்டம் எழுதினதே நாந்தான். நானே மீறினா நாளைக்கு அவ சொல்ல யாரு கேப்பா?"

பையை எடுத்துத் தோளில் மாட்டினார். குடையை விரித்தார். அந்த ஆளோடு மழையில் இறங்கி நடந்தார். அறுபதை நெருங்கிய வயசு, முட்டிவலி வேறு. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஸ்டெல்லா சிஸ்டர் மீதா, மதர் மீதா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

நல்ல வேளை, சேலம் பஸ் சீக்கிரமே வந்தது. வாசலில் இறங்கிய ஸ்டெல்லா சிஸ்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். குடையைக்கூட மடக்காமல் ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, "எடுங்க" என்றார். அன்று கிளட்ச் கருகியது மாதிரி என்றைக்கும் கருகவில்லை.

ஊருக்குச் சற்று முன்னால் மதரைப் பிடித்தோம். சேலையில் முழங்கால்வரை சேறு. ஏறி உட்கார்ந்தவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

அந்த வீட்டு வாசலில் மரம்கூட இல்லை. கூரைத் தண்ணீர் சொட்டுகிற இடத்தில் நின்றேன். உள்ளே பேசியது எல்லாம் கேட்டது.

"கால் முன்னாடி வருது ஸ்டெல்லா."

"நீங்க பாருங்க மதர், நான் புடிச்சுக்கறேன்."

"என்னால ஆகாது. வெரல் மடங்கி ரெண்டு வருசமாச்சு. யார்கிட்டயும் சொல்லல. நீ பாரு. நான் சொல்றேன்."

அப்புறம் நெடுநேரம் மதரின் குரல் மட்டும்தான். இழுக்காதே, பொறு, இப்போ தோளைத் திருப்பு என்று கணக்குச் சொல்லிக்கொடுக்கிற குரல். பிறகு பிள்ளை அழுதது. தாயும் பிழைத்தாள்.

திரும்பும்போது ஸ்டெல்லா சிஸ்டர்தான் முதலில் பேசினார். "நான் வராம இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"தெரியல. பயந்துக்கிட்டேதான் நடந்தேன்."

"வண்டிய எடுத்திருக்கலாமே மதர்."

"எடுத்திருக்கலாம். எடுத்துட்டுப் போயும் இந்தக் கைய வெச்சு என்ன பண்ணியிருப்பேன்?"

ஸ்டெல்லா சிஸ்டர் அழுதார். மதர் அவர் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு, "மெதுவாப் போ கண்ணு, சறுக்கும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

பிரசவத்துக்கு வண்டி எடுக்க யாரையும் கேட்க வேண்டாம் என்று மறுநாளே உத்தரவு மாறியது. அதற்காக இருவரும் ஒத்துப்போய்விட்டார்கள் என்று நினைக்காதீர்கள். பள்ளிக்கூடம் எழும்பத்தான் செய்தது. திறப்பு விழாவில் மதர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்து, ஒரு பிரசவம் இருக்கிறது என்று பாதியிலேயே எழுந்து போய்விட்டார். உண்மையில் அன்று பிரசவம் எதுவும் இல்லை. அவரை ஏற்றிப்போன எனக்குத் தெரியாதா? கொட்டச்சேடு வரைக்கும் போய், டீ குடித்துவிட்டு வந்தோம்.

எனக்குக் கல்யாணமாகி, பஸ் கம்பெனி வேலைக்குக் கீழே வந்துவிட்டேன். தொண்ணூறுகளில் மதர் இறந்தபோது போயிருந்தேன். குழியில் மண்ணைத் தள்ள முதலில் குனிந்தவர் ஸ்டெல்லா சிஸ்டர். மலைக்காரப் பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோடு வரைக்கும் நின்றார்கள்.

இந்த முறை போனபோது பள்ளிக்கூடம் மூன்று மாடியாகியிருந்தது. குடோனை இடித்து ஸ்கூல் பஸ் நிறுத்த இடம் பண்ணியிருக்கிறார்கள். மஞ்சக்குட்டைக்கு அப்பாலும் நல்ல தார் ரோடு. போன் அடித்தால் ஆம்புலன்ஸ் வருகிறதாம். நல்லதுதான், மதர் வேண்டியதும் இதைத்தான். டீக்கடைக்காரரிடம் பேச்சுவாக்கில், இப்போது பிரசவமெல்லாம் எங்கே என்று கேட்டேன்.

"எல்லாம் சேலத்துலதானுங்க. இந்த மலையில புள்ள பொறந்து நொம்ப வருசமாச்சுங்க" என்றார்.